உயிர்மூலக்கூற்றுத் திரள்களும் புற்றுநோயும்: ரிச்சர்ட் யங்கின் ஆய்வுகள்

ரிச்சர்ட் யங் அமெரிக்க உயிரியலாளர். மாசச்சூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் உள்ள ஒயிட்ஹெட் ஆய்வு நிறுவனத்திலும் எம்.ஐ.டி.யிலும் பணிபுரிபவர். எந்த மரபணு எப்போது, எந்த அளவில் இயங்க வேண்டும் என்பதைச் செல் எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதே இவர் நெடுங்காலமாகத் துருவிவரும் கேள்வி. 1990களில் ஈஸ்ட் செல்லில் மீடியேட்டர் புரதத் தொகுதியை ஆராய்ந்தார். 2013இல் இவரது குழு, டிஎன்ஏவில் ஊக்கிப் பகுதிகள் நெருங்கிக் குவிந்திருக்கும் 'சூப்பர் என்ஹான்சர்' இடங்களை விவரித்தது. புற்றுச் செல்கள் தம்மை வளர்க்கும் மரபணுக்களை முடுக்கிவிட இவற்றையே பெரிதும் சார்ந்திருக்கின்றன.

சூப்பர் என்ஹான்சர்களில் மரபணுக்களை இயக்கும் அத்தனை புரதங்கள் கூடுவது எப்படி? விடைக்கான வழியை 2009இல் கிளிஃபோர்ட் பிராங்வினும் ஆன்டனி ஹைமனும் திறந்திருந்தனர். புழுக்கருவில் உள்ள 'பி துகள்கள்' சவ்வு ஏதுமின்றி, ரசத்தில் மிதக்கும் எண்ணெய்ச் சொட்டுகளைப்போல் ஒன்றுகலந்தும் கரைந்தும் நடந்துகொள்வதை அவர்கள் கண்டனர். இத்தகைய சவ்வற்ற திரட்சிகளே உயிர்மூலக்கூற்றுத் திரள்கள். உட்கருமணியும் இவ்வகையே. யங், பிலிப் ஷார்ப், அரூப் சக்கரவர்த்தி ஆகியோர் 2017இல் இக்கருத்தை மரபணு இயக்கத்துக்கு விரித்தனர். மெட்1, பிஆர்டி4 புரதங்கள் சூப்பர் என்ஹான்சர்களில் திரள்வதை மறு ஆண்டே சோதனையில் காட்டினர்.

நோயாளிகளுக்கு மிக நெருக்கமானது 2020இல் யங்கின் குழு வெளியிட்ட ஆய்வு. சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து உட்கருவில் சீராகப் பரவுவதில்லை. மெட்1 திரள்களுக்குள் செறிந்து, அங்குள்ள டிஎன்ஏவையே அதிகம் தாக்குகிறது. மார்பகப் புற்றுநோய்க்கான தமாக்ஸிஃபென் கதை இன்னும் கவலைக்குரியது. செல்லில் மெட்1 மிகுந்தால் திரள் பெருக்கிறது, உள்ளிருக்கும் மருந்து நீர்த்துப்போகிறது, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் திரளிலிருந்து விலக்க முடியாமல் போகிறது. மருந்து எதிர்ப்புக்கு இது ஒரு புதிய விளக்கம். மருந்து செல்லுக்குள் நுழைந்ததா என்பதோடு, உள்ளே எங்கே தங்கியது என்பதையும் இனி கேட்டாக வேண்டும்.

இத்துறையில் கருத்து வேறுபாடு ஓயவில்லை. ராபர்ட் ட்ஜியான், சேவியர் டார்சாக் முதலியோர் 2019இல், உயிருள்ள செல்லில் தெரியும் புள்ளிகள் எல்லாம் திரவச் சொட்டுகள்தாம் என்பதற்கான சான்றுகள் பல இடங்களில் போதவில்லை என்று எழுதினர். திரளைக் கரைக்கப் பயன்படும் ஹெக்ஸேன்டையால் செல்லின் பிற இயக்கங்களையும் குலைப்பதால், இந்தக் கண்டிப்பு நியாயமானதே.

திரள்களைக் குறிவைத்து மருந்து தேடும் டியூபாயின்ட் தெரபியூட்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் யங்கும் ஹைமனும் உள்ளனர். பிராங்வினும் ஹைமனும் 2023ஆம் ஆண்டுக்கான பிரேக்த்ரூ பரிசைப் பெற்றனர்.