தப்பிப் பறந்தவற்றின் கணக்கு: டென்மார்க் வாத்து வேட்டையில் சுடுதொலைவும் அறமும்

நீர்ப்பறவை வேட்டையின் அறம் பற்றிய விவாதங்கள் எத்தனை பறவை சுடலாம், எந்த மாதத்தில் சுடலாம் என்ற கேள்விகளோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. இரண்டுமே கைக்குக் கிடைத்த பறவையை வைத்து அளப்பவை. உடலில் ரவை தைத்தும் விழாமல் பறந்துபோன பறவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வேட்டைக்காரரின் பொறுப்பை அந்தப் பறவையைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

இதற்கு டென்மார்க்கில் சான்று உண்டு. ஸ்வால்பார்டில் கூடு கட்டித் தெற்கே குளிர்காலத்தைக் கழிக்கும் இளஞ்சிவப்புக்கால் வாத்துகளை அந்நாட்டு ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில் உயிருடன் பிடித்து எக்ஸ்ரே எடுத்தனர். இளம் பறவைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றின் உடலில் ரவை இருந்தது. முதிர்ந்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். முதிர்ந்தவற்றின் கணக்கு பல பருவங்களில் சேர்ந்தது எனலாம். ஒரே ஒரு வேட்டைப் பருவத்தைக் கண்ட இளம் பறவைகளுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. போதாக்குறைக்கு, எக்ஸ்ரேயில் அகப்பட்டவை பிழைத்தவை மட்டுமே. காயத்தால் எங்கோ செத்தவை இதில் சேரவில்லை. ரவை சுமந்த பறவைகள் மற்றவற்றைவிடக் குறைவாகவே பிழைத்தன என்பதும் பின்னர் தெரிந்தது.

காரணம் ஷாட்கன்னின் இயல்பிலேயே இருக்கிறது. அதன் தோட்டாவிலிருந்து வெளிப்படும் ரவைகள் தொலைவு கூடக்கூட விரிந்து, விசையும் இழக்கின்றன. இருபத்தைந்து மீட்டரில் கொல்லும் அதே வெடி ஐம்பது மீட்டரில் இரண்டு மூன்று ரவைகளை மட்டும் பறவையின் தசையில் பதித்துவிட்டுப் போகலாம். வாத்துகளோ கூட்டமாகப் பறப்பவை. ஒன்றைக் குறிவைத்தால் பக்கத்துப் பறவையும் அடிபடும். காற்றையோ பறவையின் வேகத்தையோ வேட்டைக்காரர் மாற்ற முடியாது. எந்தத் தொலைவில் விசையை இழுப்பது என்பது மட்டும் முழுக்க அவர் கையில் உள்ளது.

பறவைகள் காயப்படுவதைக் குறைக்க 1997இல் டென்மார்க் தொடங்கிய செயல்திட்டம் இந்தத் தொலைவையே பற்றிக்கொண்டது. வாத்துகளை 25 மீட்டருக்கு அப்பால் சுட வேண்டாம் என்று வேட்டைக்காரர்களிடம் வலியுறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டுகளின் எக்ஸ்ரேக்களில் ரவை சுமந்த பறவைகளின் விகிதம் தெளிவாக இறங்கியது.

ஈய ரவையைத் தடுக்கும் சட்டங்களை எதிர்ப்போர் ஒரு வாதம் வைப்பதுண்டு: அதற்கு மாற்றான எஃகு ரவை ஈயத்தைவிட எடை குறைந்தது, ஆகவே பறவைகளைக் காயப்படுத்தி விட்டுவிடும் என்று. எடை பற்றிய கூற்று உண்மை. அதனால்தான் எஃகில் பெரிய ரவை தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஆனால் டென்மார்க் 1996இலேயே ஈய ரவையை முற்றாக விலக்கிவிட்டது. காயம் குறைந்தது அதற்குப் பிறகுதான். பழியை உலோகத்தின்மேல் போட்டுவிட்டுத் தொலைவை மறப்பது வசதியான வாதம், அவ்வளவே.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த வாத்துக் கூட்டத்தை ஏறத்தாழ 60,000 அளவில் வைத்திருக்க 2012இல் பன்னாட்டுத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. பயிரழிவைச் சுட்டிய அத்திட்டம் வேட்டையை ஒரு மேலாண்மைக் கருவியாக ஏற்கிறது. கூட்டம் இலக்கை மிஞ்சும்போது, அதிகம் சுடுங்கள் என்று அரசே கேட்கிறது. அருகில் வரும்வரை காத்திருங்கள் என்று அறம் கேட்கிறது. சுட்ட பறவைகளின் தொகையை மட்டும் வெற்றியாகக் கொண்டால் முதல் குரலே வெல்லும். ஆகவே ஆண்டுதோறும் கூட்டத்தின் எண்ணிக்கையை வெளியிடும் அறிக்கையிலேயே, எக்ஸ்ரேயில் ரவையோடு தெரிந்த இளம் பறவைகளின் விகிதத்தையும் அச்சிட்டு, அது உயர்ந்தால் அடுத்த பருவத்தின் வேட்டை நாட்களைக் குறைக்க வேண்டும்.