முதுகு காட்டும் கட்டடம்: பெங்களூர்ச் சிற்றலுவலகங்களின் தட்பவெப்ப வரலாறு

கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 டிகிரியில் இருக்கிறது பெங்களூர். இந்தியாவின் எரிசக்திச் சிக்கனக் கட்டட விதிகள் நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்து, இந்நகரை 'மிதமான' மண்டலத்தில் வைக்கின்றன. மிதம் என்ற நற்பெயரே இங்கு அலட்சியத்துக்கும் காரணம். 2016 ஏப்ரலில் வெப்பநிலை 39.2 டிகிரியைத் தொட்டபோது, கண்ணாடி முகப்பு வைத்த அலுவலகங்கள் ஏ.சி. இல்லாமல் உட்கார முடியாத பெட்டிகளாயின. நான்கு பக்கமும் நிழல் தரும் பாணியில் தொடங்கிய இந்நகரத்து அலுவலகக் கட்டடக் கலை, இடம் சுருங்கச் சுருங்க, எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடுவது என்று தேர்ந்தெடுக்கும் கலையாக மாறியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் அட்டாரா கச்சேரி. பதினெட்டு அரசுத் துறைகளுக்காக 1864க்கும் 1868க்கும் இடையில் எழுந்த இச்செந்நிறக் கட்டடத்தில் இன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இயங்குகிறது. கட்டுமான ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். உயர்ந்த தூண் வரிசையும் அதன் பின்னால் ஓடும் வராந்தாவும் கம்பீரத்துக்கு மட்டும் வைத்தவையல்ல. சுவரில் நேர் வெயில் படாமல் காத்து, மழைச்சாரலிலும் ஜன்னலைத் திறந்து வைக்க விட்டவை அவையே. கன்டோன்மென்ட் பங்களாக்களின் ஜன்னல் மேல் கூர்முனையோடு நிற்கும் மரத் தொப்பி, அதே வேலையைச் சிறிய அளவில் செய்தது. 1865இல் மங்களூரின் ஜெப்புவில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் சரக்கு, இக்கூரைகளுக்கு மலிவான, இடுக்குகள் வழியே மூச்சுவிடும் மேற்பரப்பைத் தந்தது. ஆனால் இந்தப் பாணி முழுவதும் ஒரு சலுகையை நம்பியிருந்தது: சுற்றிலும் காம்பவுண்டு, மரம், காலி நிலம்.

பழக்கத்தைக் கணக்காக மாற்றியவர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். யூதர் என்பதால் ஜெர்மனியை விட்டு வெளியேறிய இவர், 1939இல் மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக வந்தார். இந்திய அறிவியல் கழகத்தின் உலோகவியல், விமானவியல் துறைக் கட்டடங்கள் இவர் கைவண்ணம். பிறகு லண்டனில் வெப்பமண்டலக் கட்டடக் கலைத் துறைக்குத் தலைமை ஏற்று, 1970களில் சகாக்களோடு வெளியிட்ட கையேடு உலகெங்கும் மாணவர்கள் கையில் புழங்கியது. வெயிலின் கோணத்தையும் காற்றின் போக்கையும் தாளில் வரைந்துவிட்டுச் சுவரை எழுப்பு என்ற ஒழுங்குக்கான வித்து இந்த ஊர் மண்ணில் விழுந்திருந்தும், அடுத்த தலைமுறைப் பெங்களூர் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

அந்தக் கணக்கு கடினமானதன்று. 1.5 மீட்டர் உயர ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தென்வானில் சுமார் 53.6 டிகிரி உயரத்தில் நிற்கும்; தெற்கு ஜன்னலை முழுதும் நிழலில் வைக்க 1.1 மீட்டர் சஜ்ஜா (ஜன்னலுக்கு மேல் நீளும் நிழல் தட்டு) வேண்டும். ஜூன் 21 நண்பகலில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்கு ஜன்னலுக்கு அப்போது 28 சென்டிமீட்டர் போதும். மேற்கு ஜன்னலுக்கோ எவ்வளவு நீள சஜ்ஜாவும் உதவாது. மாலை வெயில் தாழ்ந்து நேராக உள்ளே வரும். அங்கே செங்குத்துத் தடுப்பு, ஜாலி எனும் துளைச்சுவர், அல்லது வெறும் சுவர்தான்.

நகரின் டொம்லூர் பகுதியில், 2000ஆம் ஆண்டையொட்டி எழுந்த, எரிசக்தி ஆய்வு நிறுவனமான டெரியின் அலுவலகம் இந்த வரலாற்றின் திருப்பம். வடிவமைத்தவர் சஞ்சய் மோஹே. மனையின் தெற்கே சாக்கடை நாற்றமெடுக்கும் திறந்த கால்வாய். காற்று வருவதும் தெற்கிலிருந்தே. பாடப்புத்தகப்படி காற்று வரும் பக்கம் ஜன்னல் வைத்தால் நாற்றமும் சேர்ந்து வரும். மோஹே தெற்கே முதுகைக் காட்டினார். அங்கே இடைவெளி விட்ட இரட்டைச் சுவர். வெளிப்புறம் கறுத்த கடப்பா கல். கல் சூடேற, இடைவெளியிலுள்ள காற்று மேலெழுந்து வெளியேறும். கூரைமேல் வீசும் தென்காற்றும் அதை உறிஞ்சும். அந்த இடத்தை நிரப்ப, வடக்கிலிருந்து சுத்தமான காற்று மேசைகளைக் கடந்து வரும். வடக்கின் கண்கூசாத வெளிச்சமும் கூடவே கிடைக்கும். மாடித் தோட்டம் கூரையின் சூட்டைக் குறைக்கிறது.

இதைக் குறையே இல்லாத முன்மாதிரி என்று கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. பெங்களூரில் ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும்; பிறகு ஆகஸ்ட் நடு வரை வடக்கே போய்விடும். ஆக, தெற்குச் சுவர் நன்றாகச் சூடேறுவது குளிர்மாதங்களில். கோடையில் காற்றின் உறிஞ்சலைத்தான் அதிகம் நம்ப வேண்டும். இருந்தாலும், வரைபடத்துத் திசையோடு பக்கத்து மனையையும் பார்த்து முடிவெடுத்ததே இதன் சிறப்பு.

நகரின் நெருக்கமான பகுதிகளில் ஒன்றான ஆஸ்டின் டவுனுக்குப் பயன்படுவது இந்தப் பாடம்தான். இரு பக்கமும் ஒட்டுச்சுவர் உள்ள குறுகிய மனையில் வராந்தாவுக்கு இடமில்லை. ஆனால் அந்த ஒட்டுச்சுவர்களே பக்கவாட்டு வெயிலைத் தடுத்துவிடுகின்றன. மிச்சமிருப்பவை முகப்பு, பின்புறம், மொட்டை மாடி. படிக்கட்டுக் கூண்டை மாடிக்கு மேல் உயர்த்தி, உச்சியில் மழை புகாத திறப்பு விட்டால், அதுவே சூடான காற்றை வெளியேற்றும் புகைபோக்கி. மாடித் தளத்தில் வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ செலவு குறைந்த முதல் வேலை. முகப்பு மேற்குப் பார்த்திருந்தால் முழுக் கண்ணாடி வைப்பது தவறு, எவ்வளவு சாயக் கண்ணாடி போட்டாலும்.

2007இல் வந்து 2017இல் திருத்தப்பட்ட எரிசக்திச் சிக்கனக் கட்டட விதி, 100 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட மின்சுமை உள்ள வணிகக் கட்டடங்களை நோக்கியே எழுதப்பட்டது. ஆஸ்டின் டவுனின் மூன்று மாடி அலுவலகங்கள் பெரும்பாலும் அந்த வரம்புக்குக் கீழேதான். அவற்றின் வடிவத்தை இன்றும் தீர்மானிப்பவர்கள் மனைக்காரரும் மேஸ்திரியும்தான்.