தூத்துக்குடி முத்துச்சிப்பி ஏலம்

மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்த முத்துச்சிப்பிகளைத் திறக்காமலேயே, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று அன்றன்று மாலை கரையிலேயே ஏலம் விட்ட முறை. சிப்பிக்குள் முத்து இருக்கிறதா என்பது விற்ற அரசுக்கும் தெரியாது, வாங்கிய வணிகருக்கும் தெரியாது. இருந்தும் கீழக்கரையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்த வணிகர்கள் போட்டி போட்டுக் கேட்டார்கள். கண்ணால் பார்க்க முடியாத சரக்குக்கு நியாயமான விலை பெறுவது எப்படி என்பதே இன்றைய இணைய ஏலத்திலும் விற்பவரின் முதல் கவலை. அதற்கு இந்தக் கரை 19ஆம் நூற்றாண்டிலேயே நடைமுறையில் ஒரு விடை வைத்திருந்தது.

முத்து வணிகம் ஏலத்தைவிட மிகப் பழையது. தாமிரபரணி கடலோடு கலந்த இடத்தில் இருந்த பாண்டியரின் கொற்கை, சங்கப் பாடல்களில் முத்துக்காகவே பேசப்படும் துறைமுகம். ஆறு சுமந்து வந்த வண்டலால் கடல் விலகிப்போக, இன்று அது கரையிலிருந்து உள்ளே தள்ளி நிற்கும் சிற்றூர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்’ என்ற கிரேக்க நூல், கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளித்ததாகச் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ கண்டது வேறு ஏற்பாடு. எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறாமீனை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு. ‘கடல்கட்டி’ என்று அழைக்கப்பட்ட இவர்கள் 19ஆம் நூற்றாண்டில் ‘சலாபம்’ எனப்பட்ட முத்துக்குளிப்புகளிலும் இருந்தார்கள். இவர்கள் கரையில் நிற்காமல் குளியாட்கள் கடலில் இறங்க மறுத்ததால், ஆங்கிலேய அரசும் இவர்களை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மார்க்கோ போலோ குறிப்பிடும் காயல், கொற்கைக்குப் பின் தழைத்த பழையகாயல் துறைமுகமாகும். அதுவும் தூர்ந்த பிறகே தூத்துக்குடி எழுந்தது.

போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் இக்கரையின் பரதவரைத் தம் பாதுகாப்பில் கொண்டுவந்தனர். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. அவர்கள் வரியைக் கல் கணக்கில் வாங்கினார்கள். குளியாள் கடலடிக்கு விரைந்து இறங்கக் காலில் மாட்டிக்கொள்ளும் கல் அது. ஒரு கல்லுக்கு இவ்வளவு என்பது தீர்வை. 1825இல் ஊர் நிலையாக ஆங்கிலேயரிடம் வந்தது. அதற்கு முன்பே கிழக்கிந்தியக் கம்பெனி, இலங்கைக் கரையில் கால்வைத்த 1796ஐ ஒட்டிய ஆண்டுகளில், சலாபத்தை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுப் பார்த்தது. முழுக் கடலையும் ஒருவரே எடுக்கும்போது நட்டப் பயத்துக்கென்று ஒரு பெருந்தொகையைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார். சில்லறை வணிகருக்கு அங்கே இடமே இல்லை. ஆயிரம் சிப்பி என்று சிறு கூறாக்கி விற்றால் நட்டமும் பலர் தலையில் பகிர்ந்து விழும், கேட்கும் ஆட்களும் பெருகுவார்கள். அரசு தானே நடத்திய சலாபமும் மாலை ஏலமும் நிலைபெற்றதற்குக் காரணம் இதுதான்.

விலைக்கான வேலை ஏலத்துக்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பின்னாகப் ‘பார்’ எனப்படும் கடலடிப் பாறைப் படுகைகளைச் சோதித்து, சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுப்பார்கள். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, வண்டலைக் காயவைத்து அரித்து, கிடைத்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுப் பிரிப்பார்கள். சல்லடைக்குப் பெயர் துளைகளின் எண்ணிக்கை. 20 துளையில் தங்குவது பெருமுத்து. அங்கிருந்து 30, 50, 80 என்று இறங்கி 1000 துளை வரை பத்துச் சல்லடை. பிறகு நிறமும் உருட்சியும் பார்த்து ஆணி முதல் தூள் வரை தரம் பிரித்து, கழஞ்சு மஞ்சாடிக் கணக்கில் நிறுப்பார்கள். எடை இரட்டித்தால் விலை இரட்டிப்பதோடு நிற்காது. எடையை எடையாலேயே பெருக்கிப் போடும் கணக்கு அது. இத்தனையும் முடிந்து, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் முத்து தேறும் என்ற மதிப்பு, சலாபம் திறக்கும் நாளோடு சேர்த்து அரசு அறிவிப்பாக வெளியாகும். தன் கையில் இருந்த தகவல் முழுவதையும் விற்பவரே முன்கூட்டிச் சபையில் வைத்த இந்த வழக்கம்தான் தூத்துக்குடி முறையின் உயிர்.

கடல் அமைதியாக இருக்கும் பங்குனி, சித்திரையில் குளிப்பு நடக்கும். நள்ளிரவுக்குப் பின் நிலக்காற்றில் புறப்படும் தோணிகள், பிற்பகல் கடற்காற்றில் திரும்பும். ‘கொட்டு’ என்ற அடைப்புக்குள் ஒவ்வொரு தோணிக்காரரும் தம் சிப்பியை மூன்று குவியலாகக் கொட்டுவார். அதிகாரி வந்து தாம் விரும்பிய இரண்டை அரசுக்கென்று எடுத்துக்கொள்வார்; எஞ்சியது குளியாட்களின் கூலி. எந்தக் குவியல் தமக்கு வரும் என்பது பிரிப்பவருக்குத் தெரியாததால் பங்கில் கள்ளம் புக வழியில்லை.

அரசுப் பங்கை எண்ணி முடித்ததும் ஏலம். கேள்வி ஆயிரத்துக்கு என்ற கணக்கில் ஏறும். வென்றவர் அதே விலையில் ஓராயிரமும் எடுக்கலாம், பத்தாயிரமும் எடுக்கலாம். முதல் நாள்களில் வாங்கிய சிப்பி அழுகிக் கழுவப்பட்டு முத்து வெளிப்பட வெளிப்பட, செய்தி கொட்டகைக்குக் கொட்டகை பரவி, அடுத்த மாலையின் விலையை ஏற்றும், இறக்கும். குளியாட்களோ தம் பங்கை அன்றே கடைத்தெருவில் சில்லறையாக விற்றார்கள். ரூபாய்க்குச் சில சிப்பி வாங்கி, அங்கேயே பிளந்து அதிர்ஷ்டம் பார்க்க ஆள் வரிசையாக நின்றது.

1889இல் தூத்துக்குடியில் நடந்த குளிப்பைச் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நேரில் பார்த்து எழுதினார். பின்னாளில் ஜேம்ஸ் ஹார்னெல் இன்னும் விரிவான ஆவணத்தைத் தந்தார். இம்முறையின் உச்சத்தைக் கண்டது எதிர்க்கரை. 1905இல் மன்னாரை அடுத்த மரிச்சுக்கட்டியில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பி எடுத்து, இலங்கை அரசு சுமார் 25 லட்சம் ரூபாய் ஈட்டியது. மறு ஆண்டே அந்தப் பார்களை லண்டன் கம்பெனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே சிப்பி வற்றி, கம்பெனி கலைந்தது.

தூத்துக்குடிப் பக்கம் தோலாயிரம் பார் உள்ளிட்ட படுகைகளில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிச் சலாபம். அதே 1961இல்தான் அமெரிக்காவில் வில்லியம் விக்ரே ஏலக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட கட்டுரையை வெளியிட்டார். 1971இல் மூன்று எண்ணெய்ப் பொறியாளர்கள், உள்ளே இருப்பது தெரியாத எண்ணெய் வயல்களை ஏலத்தில் வென்றவர்கள் பெரும்பாலும் எதிர்பார்த்த லாபம் காணாததைக் காட்டினார்கள். அளவுக்கு மீறி மதிப்பிட்டவர் வெல்கிறார்; அதை அறிந்தவர் பயந்து குறைத்துக் கேட்கிறார். விற்பவர் தமக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னால் அந்தப் பயம் குறைந்து சராசரி விலை கூடும் என்பதை 1982இல் பால் மில்கிராமும் ராபர்ட் வெபரும் கணிதமாக நிறுவினார்கள். மாதிரிச் சிப்பியைக் கழுவி மதிப்பை அறிவித்தவர்கள் செய்ததும் அதையே.

1995இல் தொடங்கிய ஈபே போன்ற இணைய ஏலங்களில் வாங்குபவருக்கு ஆளும் தெரியாது, பொருளும் கையில் வராது. பழைய அஞ்சல் அட்டைகளை விற்றுச் செய்த ஒரு சோதனையில், நற்பெயர் பெற்ற விற்பனையாளர் பெயரில் வைத்தவை, அதே ஆள் புதுப்பெயரில் வைத்ததைவிட 8 விழுக்காடு அளவு கூடுதல் விலைக்குப் போயின. ஏலம் முடியும் நொடி முன்பே உறுதியாகத் தெரிந்தால் பலரும் கடைசி நேரத்தில்தான் கேட்கிறார்கள் என்பதை ஆல்வின் ராத்தும் ஆக்சல் ஆக்கென்ஃபெல்சும் 2002இல் பதிவு செய்தார்கள். தொடக்க விலையைத் தாழ்த்தி வைப்பது கூட்டத்தைச் சேர்க்கும். ஆனால் கேட்க ஆளில்லாத பொருளுக்கு அது அடிமாட்டு விலையில்தான் முடியும்; முத்தைப் போல வணிகர் தேடி வரும் சரக்குக்கே அது பொருந்தும்.

சலாபம் நின்ற பின், 1973இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானி கே. அழகர்சாமி வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். 1986 முதல் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக உள்ளன. தூத்துக்குடித் துறைமுகத்தில் உரியவர் எடுக்காமல் தேங்கும் சரக்குகள் இப்போது மின் ஏலத்தில் விற்கப்படுகின்றன. அவற்றை ஏலத்துக்கு முன் வாங்குபவர் நேரில் பார்வையிட நாள் ஒதுக்கப்படுகிறது.