பெயருக்கு முன் தேவை: லால்குடி வட்டாரத்துக் குழந்தைகளின் புலனுணர்வுச் சிக்கல்களை ஆராயும் முறை குறித்து

1. முன்னுரை

ஒரு குழந்தை தலையில் எண்ணெய் வைக்க விடாமல் அலறுகிறது. இன்னொன்று ரசம் சாதத்தில் கை வைக்க மறுக்கிறது. வேறொன்று கெட்டிமேளம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு மண்டபத்தை விட்டே ஓடுகிறது. லால்குடியிலும் திருவரங்கத்திலும் இதைப் பிடிவாதம் என்பார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்பார்கள், பயந்த சுபாவம் என்பார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் சில ஆய்வாளர்கள் இத்தகைய நடத்தைகளில் ஒரு பகுதியைப் புலனுணர்வுச் சிக்கலாக விளக்கி வருகிறார்கள். இன்று அதற்கு வழங்கும் பெயர் ‘புலனுணர்வுச் செயலாக்கக் குறைபாடு’. அப்படியொரு தனிக் குறைபாடு உண்டா என்பதில் மருத்துவ உலகம் இன்னும் உடன்படவில்லை.

அந்த வழக்கு முடியும்வரை நம் ஊர்ப் பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். பெயர் உறுதிப்படாவிட்டாலும் சிக்கலை அளக்கலாம். சிகிச்சை நிறுவப்படாவிட்டாலும் சூழலைத் திருத்தலாம். ஆனால் அளவுகோல் இந்த ஊரின் அன்றாடத்திலிருந்து பிறக்க வேண்டும். இங்கே நடக்க வேண்டிய ஆய்வின் முதல் வேலை அதுதான்.

2. கருத்தின் வரலாறு

இத்துறையின் அடித்தளத்தை இட்டவர் ஜீன் ஏயர்ஸ் (1920–1988). அமெரிக்காவைச் சேர்ந்த இவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கல்வி உளவியலும் பயின்றவர். கற்றலில் தடுமாறும் குழந்தைகளைக் கவனித்து, புலன் ஒருங்கிணைவு பற்றிய தம் முதன்மை நூலை 1972இல் வெளியிட்டார். நாம் அறிந்த ஐம்புலன்களோடு இன்னும் இரண்டை அவர் முன்னிறுத்தினார். தசைகளிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் உடலின் நிலையை உணர்த்தும் புலன் ஒன்று. உட்செவியிலிருந்து அசைவையும் சமநிலையையும் உணர்த்தும் புலன் மற்றொன்று. இவற்றிலிருந்து வரும் செய்திகளை மூளை ஒழுங்குபடுத்தத் தவறினால் கற்றலும் நடத்தையும் தடுமாறும் என்பது அவர் கோட்பாடு.

2007இல் லூசி ஜேன் மில்லரும் உடன் ஆய்வாளர்களும் புலனுணர்வுச் செயலாக்கக் குறைபாட்டை மூன்று கிளைகளாகப் பிரித்தனர். புலன்தூண்டலுக்கு அளவாக எதிர்வினை செய்ய முடியாமை முதற்கிளை. அதில் மிகையும் உண்டு, மந்தமும் உண்டு, தூண்டலைத் தேடி அலைவதும் உண்டு. ஒரு தூண்டலை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியாமை இரண்டாவது. புலன் கோளாற்றால் உடலியக்கமே குழம்புவது மூன்றாவது.

எதிர்த்தரப்பும் வலுவானது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, இப்பெயரைத் தனி நோயறிதலாகப் பயன்படுத்த வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. 2013இல் வந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பும் இதைத் தனிக் குறைபாடாக ஏற்கவில்லை. எனினும், புலன்தூண்டலுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை செய்வதை ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாக அது முதன்முறையாகச் சேர்த்தது. மாறாக, பச்சிளங்குழந்தைகளுக்கும் சிறுகுழந்தைகளுக்குமாக 2016இல் வெளிவந்த வகைப்பாடு புலனுணர்வுச் செயலாக்கக் குறைபாடுகளுக்குத் தனி இடமே அளித்தது. சிக்கல் உண்மை என்பதை எத்தரப்பும் மறுக்கவில்லை. அது தனித்து நிற்பதா, வேறொன்றின் பகுதியா என்பதே வழக்கு.

3. சான்றுகளின் எல்லை

எத்தனை குழந்தைகளுக்கு இச்சிக்கல் உண்டு என்ற கேள்விக்கு அடிக்கடி மேற்கோளாகும் விடை 5.3 விழுக்காடு. அது வந்த வழி கவனத்துக்குரியது. 2004இல் வெளியான அவ்வாய்வில், ஓர் அமெரிக்கப் புறநகர்ப் பள்ளி மாவட்டத்தின் 1,796 மழலையர் வகுப்புக் குழந்தைகளின் பெற்றோருக்கு வினாத்தாள் போனது. 703 பேர் நிரப்பித் தந்தனர். அவர்களுள் 96 குழந்தைகள் வரம்பைத் தாண்டினர். விடை தந்தோரை மட்டும் கணக்கிட்டால் 13.7 விழுக்காடு. விடை தராதோர் வீட்டில் ஒரு குழந்தைக்கும் சிக்கல் இல்லை என்று கொண்டால்தான் 5.3. ஒரே தரவு, இரண்டு எண்கள். இரண்டுமே பெற்றோரின் கணிப்பை நம்பியவை. மருத்துவப் பரிசோதனையில் பிறந்தவை அல்ல.

மூளைப்பட ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாக ஆய்வாளர்கள் 2013இல், இச்சிக்கலுள்ள 16 சிறுவர்களை இயல்பான வளர்ச்சியுள்ள 24 சிறுவர்களோடு ஒப்பிட்டார்கள். மூளையின் பின்பகுதி வெண்பொருள் இழைகளின் நுண்ணமைப்பில் வேறுபாடு தெரிந்தது. பிடிவாதம் என்று அடித்துத் திருத்தப் பார்ப்பவர்களுக்கு இது தக்க பதில். ஆனால் குழு சிறியது. சிறுமிகள் ஒருவரும் இல்லை. இரு குழுக்களின் சராசரியில் காணும் வேறுபாட்டைக் கொண்டு ஒரு தனிக் குழந்தைக்கு நோயறிதல் சொல்லவும் முடியாது.

சிகிச்சை பற்றிய சான்றுகள் இரு திசையில் நிற்கின்றன. 2014இல் ரோசன் ஷாஃபும் குழுவினரும் ஆட்டிசமுள்ள 32 குழந்தைகளிடம் நடத்திய சோதனையில், புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சை பெற்றவர்கள், தங்களுக்கென வகுத்த இலக்குகளில் கூடுதல் முன்னேற்றம் கண்டனர். 2022இல் பிரிட்டனில் வெளியான பெரிய சோதனையோ 138 ஆட்டிசக் குழந்தைகளை உட்படுத்தியது. வழக்கமான பராமரிப்பைக் காட்டிலும் இச்சிகிச்சை எரிச்சலையும் கொந்தளிப்பையும் ஆறு மாதத்தில் கூடுதலாகக் குறைத்ததற்குச் சான்றில்லை என்று அது முடித்தது.

இம்முடிவை இங்கே இறக்குமதி செய்வதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். அங்கே ‘வழக்கமான பராமரிப்பு’ என்பது பொது மருத்துவச் சேவையும் பள்ளி ஆதரவும் உள்ள நாட்டின் பராமரிப்பு. இங்கே பல குடும்பங்களுக்கு அது ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்ற ஆறுதலோடு முடிந்துவிடுகிறது. ஆகவே அந்தத் தோல்வியை அப்படியே நமதாக்க முடியாது. அதே காரணத்தால், ஊஞ்சலும் பந்தும் நிறைந்த அறைக்கு அமர்வுக் கணக்கில் கட்டணம் வாங்கி ‘குணமாகும்’ என்று உறுதி சொல்வதற்கும் இடமில்லை. லால்குடியிலிருந்து திருச்சிக்கு சுமார் 20 கிலோமீட்டர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் தாய்க்கு ஒவ்வொரு அமர்வும் ஒரு நாள் கூலி. அவரிடம் சான்றின் அளவைத் தாண்டிப் பேசுவது அறமன்று.

4. வினாத்தாளும் ஊரும்

இத்துறையில் பெரிதும் வழங்கும் அளவுகோல் வின்னி டன் 1999இல் வெளியிட்ட புலன் விவரப்படிவம். ஹேர் டிரையர், வாக்குவம் கிளீனர் போன்ற சத்தங்களுக்குக் குழந்தை அஞ்சுகிறதா, மணலிலும் புல்லிலும் வெறுங்காலோடு நடக்கத் தயங்குகிறதா, முடிவெட்டும்போது அழுகிறதா என்ற போக்கில் அதன் கேள்விகள் அமைகின்றன. கேள்விகளின் நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் அவை ஒரு வாழ்முறையை முன்வைத்தவை. தமிழில் மொழிபெயர்ப்பதால் மட்டும் அவை தமிழ்நாட்டுக் கேள்விகளாகிவிடா.

முடி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். சமயபுரம் கோயிலில் மொட்டை போடும்போது எந்தக் குழந்தைதான் அழவில்லை? தலையை அழுத்திப் பிடிக்கும் கை, கத்தியின் குளிர்ச்சி, தண்ணீர், சந்தனம், சுற்றிலும் கூட்டம் எல்லாம் சேர்ந்தால் இயல்பான குழந்தையும் அலறும். அந்த அழுகையை அறிகுறிக் கணக்கில் சேர்த்தால் வட்டாரக் குழந்தைகளில் பாதிப்பேர் வரம்பைத் தாண்டிவிடுவார்கள். மாறாக, வாரந்தோறும் வரும் எண்ணெய்க் குளியலுக்கு நான்கு வயதிலும் ஐந்து வயதிலும் பழகாத குழந்தை நம் கவனத்துக்குரியது. பழகியும் பழகாமை இங்கே முக்கியம். 1999இல் மெக்கின்டாஷும் குழுவினரும் செய்த ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. புலன் எதிர்வினை குலைந்த குழந்தைகளின் தோலில் மின்கடத்தல் மாற்றங்கள் கூடுதலாக எழுந்ததோடு, ஒரே தூண்டல் திரும்பத் திரும்ப வந்தபோதும் மெதுவாகவே தணிந்தன என்று அது காட்டியது.

சாப்பாடு இன்னும் நுட்பமானது. தட்டில் ரசம் சாதம். பிசையும்போது விரல் நனைகிறது, பருக்கை ஒட்டுகிறது, சாறு மணிக்கட்டுக்கு இறங்குகிறது. தொடுவுணர்வு மிகையான ஆறு வயதுப் பிள்ளை ஒரு கவளம் எடுத்ததும் கையைச் சட்டையில் துடைக்கிறது. அடுத்த கவளத்துக்கு முன் மறுபடி துடைக்கிறது. நாலாவது கவளத்தில் எழுந்து கை கழுவப் போய்விடுகிறது. தாய்க்கு அது சாப்பிட அடம்பிடிப்பதாகத் தெரிகிறது. கரண்டியால் உண்ணும் வீட்டில் இந்தச் சிக்கல் வெளிப்படவே செய்யாது. நம் வீட்டிலோ வேளைக்கு வேளை வெளிப்படும். ஆனால் பள்ளிக்குப் போகும் வயதிலும் தாயும் பாட்டியும் ஊட்டிவிடும் பழக்கம் அதை மறைத்தும் விடுகிறது. வெளிப்படுத்துவதும் மறைப்பதும் ஒரே பண்பாடு. வெளியூர் வினாத்தாளுக்கு இவ்விரண்டும் பிடிபடா.

ஊட்டிவிட ஆளில்லாத இடம் பள்ளி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வெவ்வேறு பதமுள்ள உணவு, வீட்டுக்கு வெளியே, சத்தமான கூடத்தில், தன் கையால் என்ற நிலை குழந்தைக்கு அமைகிறது. யார் எதைத் தொட மறுக்கிறார்கள், யார் கூடத்துக்கே வர மறுக்கிறார்கள் என்பதைச் சமையல் பொறுப்பாளரும் ஆசிரியரும் காண்கிறார்கள். ஆய்வாளருக்கு இதைவிட இயல்பான கவனிப்புக் களம் வாய்க்காது.

எனவே, இவ்வட்டாரத்துக்கான அளவுகோல் நான்கு களங்களில் அமைய வேண்டும் என்று முன்மொழிகிறேன். வீட்டில் குளியல், உணவு, தூக்கம். பள்ளியில் காலை உணவு, வகுப்பறை இரைச்சல், கழிவறை. வழியில் பஸ் ஹாரன், நெரிசல். கோயிலிலும் விசேஷத்திலும் வேட்டு, மேளம், சூடேறிய பிராகாரத்தின் கல்தரை. ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டியவை மூன்று: குழந்தை எவ்வளவு துன்பப்படுகிறது, பழகப் பழகத் தணிகிறதா, அதனால் எதில் கலந்துகொள்ள முடியாமல் போகிறது. மூன்றாவது கேள்விக்கு விடையில்லையென்றால் முதலிரண்டும் வெறும் குணக்குறிப்புகளே.

5. சட்டமும் சேவையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வரிசைப்படுத்தும் 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு. புலனுணர்வுச் செயலாக்கக் குறைபாடு இல்லை. ஆட்டிசத்தை மதிப்பிட உருவான இந்திய அளவுகோலில் 40 கூறுகள், ஆறு பிரிவுகள். அவற்றுள் ஒரு பிரிவு முழுவதும் புலன் சார்ந்தது. ஆக, ஆட்டிசமுள்ள குழந்தையின் புலன் சிக்கல் சான்றிதழுக்கான மதிப்பெண்ணாகிறது. அது மட்டுமே உள்ள குழந்தையின் சிக்கல் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

இதற்கு விடை 22ஆம் வகை கேட்டுப் போராடுவது அன்று. நோயறிதலே உறுதிப்படாத நிலையில் அது நிற்காது. ஏற்கெனவே உள்ள வாயில்களைப் பயன்படுத்துவதே வழி. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். அதன் கையில் மேலே முன்மொழிந்த அளவுகோலின் சுருக்கமான வினாத்தாள் இருக்கட்டும். காதுகேளாமை, பார்வைக் குறை, ஆட்டிசம், பதற்றக் கோளாறு ஆகியவற்றை முதலில் சோதித்து விலக்கட்டும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பள்ளிக்குள் சூழல் திருத்தம் செய்யட்டும். திருச்சியில் ஹோலி கிராஸ் கல்லூரிக்கு மறுவாழ்வு அறிவியல் துறை இருக்கிறது. அத்தகைய துறையும் அரசு மருத்துவமனையும் கைகோத்தால் அளவுகோலைச் சோதித்துத் தேற்றும் பணியை உள்ளூரிலேயே முடிக்கலாம்.

சூழல் திருத்தத்துக்குப் பணம் பெரிதாக வேண்டாம். ஒலிபெருக்கிக்கு அருகில் உட்காரும் பிள்ளையை இடம் மாற்றலாம். காலை உணவுக்கு ஒரு கரண்டி தரலாம். மணி அடிப்பதற்கு முன் சொல்லிவைக்கலாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், அமைதிப் பகுதிகளாக அறிவிக்கப்படும் பள்ளி, மருத்துவமனைச் சுற்றுப்புறங்களில் பகலில் 50 டெசிபல் வரம்பு வைத்திருக்கின்றன. அவ்விதியை நடைமுறைப்படுத்துவது இக்குழந்தைகளுக்குச் செய்யும் நேரடி உதவி.

6. இரு மறுப்புகள்

சாதாரணக் குறும்பையும் நோயாக்கிவிடுவீர்கள் என்பது முதல் மறுப்பு. இங்கே முன்மொழிவது நோய்ப்பெயர் சூட்டுவதை அன்று; எதில் கலந்துகொள்ள முடியவில்லை என்று பதிவதை. அப்பதிவு ஒரு குழந்தையையும் முத்திரை குத்தாது. அடியிலிருந்து காக்கவும் கூடும்.

நம் மரபிலேயே மருந்து இருக்கிறது என்பது இரண்டாவது. தூளியும் திருவரங்கத்து வீட்டுக் கூடத்து ஊஞ்சலும் பாட்டியின் எண்ணெய்த் தேய்ப்பும் புலன்களுக்கு இதம் தருபவை என்பதில் ஐயமில்லை. ஏயர்ஸ் வழிச் சிகிச்சையிலும் ஊஞ்சலுக்கு மைய இடம் உண்டு. ஆனால் அச்சிகிச்சையில் குழந்தை தானே முயல வேண்டும். சவால் அதன் திறனுக்குச் சற்றே மேலாக இருக்க வேண்டும். பயிற்சி பெற்றவர் நொடிக்கு நொடி அதைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். வீட்டு ஊஞ்சல் இதமளிக்கட்டும். அதைச் சிகிச்சை என்றழைத்தால், உதவி தேவைப்படும் குழந்தைக்கு உதவி தள்ளிப்போகும்.

7. முடிவுரை

புலனுணர்வுச் செயலாக்கக் குறைபாடு தனி நோய்தானா என்பதற்கு மூளைப்படங்களும் பெரிய சோதனைகளும் காலப்போக்கில் விடை சொல்லட்டும். லால்குடி ஒன்றியத்து முதல் வகுப்புப் பிள்ளைக்குக் கரண்டி கொடுக்கவும் இருக்கையை மாற்றவும் அந்த விடை தேவையில்லை. தேவைப்படுவது, அப்பிள்ளையின் அன்றாடத்தை அறிந்து கேட்கும் கேள்விகளும், கிடைத்த பதிலை எழுதிவைத்து அடுத்த ஆண்டும் திரும்பிப் பார்க்கும் பொறுப்பும். அந்தப் பதிவுகள் சேரச் சேர, உலக அரங்கில் நடக்கும் வழக்குக்கும் காவிரிக் கரையிலிருந்து ஒரு சாட்சியம் போய்ச் சேரும். அதை எழுதத் தொடங்க வேண்டியவர்கள் இவ்வட்டாரத்து ஆசிரியர்களும் மருத்துவர்களும் ஆய்வு மாணவர்களுமே.