இலஞ்ச ஒழிப்புச் சட்டம் விசுவமடுவையும் சென்றடைய வேண்டும்

சட்டம் வலுவற்றிருப்பதாலேயே இலஞ்சம் பெருகுகின்றது என எமது நாட்டில் நெடுங்காலமாகச் சமாதானம் கூறப்பட்டு வந்தது. இனிமேலும் அவ்வாறு கூறிக்கொண்டிருக்க இயலாது.

1954 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க இலஞ்சச் சட்டமே இத்துறையில் எமக்கு அடித்தளமாக அமைந்தது. 1994 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ஆணைக்குழுவொன்று நிறுவப்பட்டது. எனினும், எவரேனும் முறைப்பாடு செய்தாலன்றி அவ்வாணைக்குழுவினால் தானாகவே விசாரணையை ஆரம்பிக்க முடியவில்லை. 1975 ஆம் ஆண்டின் சட்டப்படி சமர்ப்பிக்கப்பட்ட சொத்து விபரங்களும் கோவைகளுக்குள்ளேயே உறங்கின. கட்டணம் செலுத்திப் பிரதி பெற்றவர்கூட அதனைப் பகிரங்கப்படுத்த முடியாதிருந்தது.

2022 இல் நாடு வங்குரோத்து நிலையை அடைந்த பின்னரே விழிப்பு ஏற்பட்டது. 2023 ஜூலை 19 ஆம் திகதி பாராளுமன்றம் நிறைவேற்றிய 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், அவ்வாண்டு செப்டெம்பர் 15 இல் அமுலுக்கு வந்தது. ஆணைக்குழு தானாகவே விசாரிக்கும் அதிகாரத்தைப் பெற்றது. தனியார் துறை இலஞ்சம், விளையாட்டுத்துறை ஊழல், பாலியல் இலஞ்சம் ஆகியன குற்றங்களாக்கப்பட்டன. தகவல் வழங்குவோருக்கான பாதுகாப்பும் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. குற்றத்தின் மூலம் ஈட்டிய சொத்துக்களை மீட்பதற்கு 2025 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கின்றது.

ஆனால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலுள்ள விசுவமடுவிலிருந்து, ஆணைக்குழு அமைந்துள்ள கொழும்பு 7 பகுதி 300 கிலோமீற்றருக்கும் அப்பாற்பட்டது. 2009 இல் யாவற்றையும் இழந்து இடம்பெயர்ந்து, பின்னர் மீள்குடியேறிய மக்களுக்கு காணி அனுமதிப்பத்திரம், வீட்டுத்திட்டம், மரணச் சான்றிதழ் என ஒவ்வொன்றுக்கும் அரச அலுவலகமே கதி. 1990 இல் வெளியேற்றப்பட்டு முல்லைத்தீவுக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் நிலையும் இதுவேயாகும். ஆவணங்களை இழந்தவனுக்கு அதிகாரியின் ஒரு கையொப்பம் வாழ்வா சாவா என்பதாகிவிடுகின்றது. இலஞ்சம் வேரூன்றும் இடம் அதுவே. குடும்பத் தலைமையைத் தனியே சுமக்கும் பெண்ணிடம் கேட்கப்படும் இலஞ்சம் பணமாகவே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. அதனைக் குற்றமென இன்று சட்டம் பெயர்சொல்லிக் கூறுகின்றது என்பதை அப்பெண் அறிந்திருக்க வேண்டாமா?

1954 என்ற துரித இலக்கத்திற்கு அழைத்து முறையிடலாம். இலஞ்சம் வாங்குவது மட்டுமன்றிக் கொடுப்பதும் குற்றமாகையால், கேட்கப்பட்டவுடன், கொடுப்பதற்கு முன்னரே அறிவிப்பதுதான் பாதுகாப்பானது. அவ்வாறு அறிவித்தால்தான் கையும் மெய்யுமாகப் பிடிப்பதற்கும் வழி பிறக்கும்.

அரசு செய்யவேண்டியவையும் உள. ஆணைக்குழு அதிகாரிகள் வன்னியின் பிரதேச செயலகங்களுக்குக் குறித்த தினங்களில் வந்து, தமிழிலேயே முறைப்பாடுகளைப் பெறவேண்டும். ஒவ்வொரு சேவைக்குமுரிய கட்டணமும் கால எல்லையும் அலுவலக வாயிலில் தமிழில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். 2025 இல் அரச நிறுவனங்களில் அமைக்கப்பட்ட உள்ளக விவகாரப் பிரிவுகள் பெயரளவில் நின்றுவிடலாகாது. முறைப்பாடு செய்தவரின் கோப்பு அதன் காரணமாகவே முடக்கப்படுமாயின், அதற்கும் பொறுப்புக் கூறப்பட வேண்டும்.

பெரும் புள்ளிகள் மீது தொடரப்படும் வழக்குகள் தலைப்புச் செய்திகளாகின்றன. அவை அவசியமானவையே. எனினும், விசுவமடு விவசாயி ஒருவர் தமக்குரியதை எவருக்கும் எதுவும் கொடாமல் பெற்றுத் திரும்பும் நாளிலேயே இச்சட்டம் வென்றதாகக் கொள்ள முடியும்.