அது அம்மா விளக்கா, அப்பா விளக்கா?

கண், மூக்கு, வாய் எதுவுமே இல்லாத ஒரு மேஜை விளக்கைப் பார்த்து, ‘அடப்பாவமே!’ என்று உங்களால் உருக முடியுமா? ‘என்ன சார், விளையாடறீங்களா?’ என்கிறீர்களா? 1986-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் கூடிய கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் புலிகளுக்கே அது நடந்தது!

பிக்ஸாருக்காக ஜான் லாசெட்டர் எடுத்த ‘லக்ஸோ ஜூனியர்’ என்கிற குட்டிப் படம். ஓடுவது சுமார் இரண்டு நிமிடம். குட்டி விளக்கு ஒன்று பந்தின் மேல் ஏறிக் குதிக்கிறது. பந்து ‘புஸ்..!’ உடனே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நகர்கிறது. பக்கத்தில் ஒரு பெரிய விளக்கு. அவ்வளவுதான் கதை!

படம் முடிந்ததும் ஜிம் பிளின் என்கிற நிபுணர் லாசெட்டரிடம் வந்தார். ‘நிழலை எப்படி வரவழைத்தீர்கள் என்று கேட்கப்போகிறார்’ என நினைத்தார் லாசெட்டர். பிளின் கேட்டதோ, அந்தப் பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா என்று!

லாசெட்டர், டிஸ்னியில் தொழில் பழகியவர். அங்கே ஒரு பழைய பயிற்சி உண்டு. பாதி நிரம்பிய மாவு மூட்டையை சோகமாக, கர்வமாக, குஷியாக வரைய வேண்டும். மூட்டை சரிந்தால் சோகம், நிமிர்ந்தால் கர்வம். முகமே வேண்டாம்!

சரி, முகத்தையும் கொடுத்துவிட்டால்? 1988-ல் அதே லாசெட்டர் ‘டின் டாய்’ எடுத்தார். ஒரு தகர பொம்மை, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும் ஒரு குழந்தை. படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால், பார்த்தவர்கள் பரிதாபப்பட்டது தகர பொம்மைக்காக. குழந்தையைப் பார்த்தோ... பலருக்கு உள்ளுக்குள் ஒரு நடுக்கம்!

ஏன்? ஜப்பானிய ரோபோ பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970-லேயே இதை எச்சரித்திருந்தார். பொம்மை மனிதனை நெருங்க நெருங்க நமக்குப் பிடிக்கும். ‘கிட்டத்தட்ட மனிதன்’ என்ற இடத்துக்கு வந்ததும், பிரியம் தடாலென்று பள்ளத்தில் விழுந்துவிடும். விளக்கிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. மனித முகம் என்றால் மட்டும், கள்ள நோட்டைத் தேடும் கேஷியர் மாதிரி ஆகிவிடுகிறோம்! 2004-ல் வந்த ‘போலார் எக்ஸ்பிரஸ்’ படத்தில் நடிகர்களின் அசைவைக்கூடப் பதிவு செய்து பயன்படுத்தினார்கள். ‘கண்ணில் உயிரே இல்லையே’ என்று விமரிசகர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

கண்ணில் அப்படி என்ன இருக்கிறது? இதற்கான விடையை, கம்ப்யூட்டர் பிறப்பதற்கு வெகு முன்பே கண்டுபிடித்தவர், டுஷேன் என்ற பிரெஞ்சு டாக்டர். முகம் மரத்துப்போன ஒரு முதியவரின் தசைகளில் மின்சாரம் பாய்ச்சி, விதவிதமான பாவங்களை வரவழைத்துப் புகைப்படம் எடுத்தார். 1862-ல் புத்தகமாகவும் போட்டார். உதட்டை இழுக்கும் தசை, சொன்ன பேச்சு கேட்கும். கண்ணைச் சுற்றியுள்ள தசையோ, மனசுக்குள் சந்தோஷம் இருந்தால்தான் சுருங்கும் என்றார் அவர். முயன்றால் சிலரால் அதையும் நடிக்க முடியும் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனாலும், கண்ணும் சேர்ந்து சிரிப்பதற்கு இன்றும் ‘டுஷேன் சிரிப்பு’ என்றே பெயர்!

சந்தேகமா? உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை எடுங்கள். ஒவ்வொருவர் வாயையும் விரலால் மறைத்துவிட்டு, கண்ணை மட்டும் பாருங்கள். யார் நிஜமாகவே சிரித்தார்கள், யார் போட்டோகிராபருக்காகச் சிரித்தார்கள் என்று ஓரளவு பிடிபட்டுவிடும். பிறகு, உறவினர்களோடு மனஸ்தாபம் வந்தால்... டுஷேனைக் கேளுங்கள், என்னையல்ல!