எடையா, எண்ணிக்கையா?



இரத்தப் பரிசோதனைச் சீட்டில் கொலஸ்டிரால் என்னும் வரிக்கு எதிரே உள்ள எண் வரம்புக்குள் இருக்கக் கண்டால், நாம் சீட்டை மடித்து வைத்துவிடுகிறோம். அந்த எண் இருதயத்தின் நிலையை எவ்வளவு தூரம் அறிவிக்கும் என்பது பற்றி விஞ்ஞானிகளிடையே நெடுநாள் வழக்கு ஒன்று நடந்தது. நம் நாட்டவரை அவ்வழக்கு மிகவும் தொடுவதால் அதன் வரலாற்றைக் கூற விழைகிறேன்.

பித்தக்கற்களில் கண்ட பொருள் ஒன்றுக்கு, கிரேக்க மொழியில் பித்தத்தையும் கெட்டித்தன்மையையும் குறிக்கும் சொற்களைச் சேர்த்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயரிட்டவர் ஷெவ்ருல் என்ற பிரெஞ்சு இரசாயன அறிஞர். தமிழில் அதனைக் 'கொழுப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அச்சொல் நெய்யையும் குறிக்கும், திமிரையும் குறிக்கும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், கொலஸ்டிராலை அப்பெயராலேயே வழங்குவது நலம் என்பேன். 1913-இல் ருஷ்ய அறிஞர் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்டிராலை ஊட்டி, அவற்றின் தமனிகளில் படிவு உண்டாவதைக் காட்டினார். பழி அப்பொருளின் மீது விழுந்தது.

ஆனால் எண்ணெய்ப் பசையுள்ள கொலஸ்டிரால் இரத்தத்தில் தனித்துச் செல்ல இயலாது. புரதம் போர்த்த நுண்ணிய துகள்களே அதனைச் சுமந்து செல்கின்றன. அத்துகள்களை வகைபிரித்துக் காட்டியவர் கலிபோர்னியாவில், பெர்க்லியில் பணிபுரிந்த ஜான் காஃப்மன். அவர் மருத்துவர், அதற்கு முன்னரே, போர்க்காலத்தில் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் பணியில் ஈடுபட்ட இரசாயனியுமாவார். விதைநெல்லைத் தேர்ந்தெடுக்க, முட்டை மிதக்குமளவு நீரில் உப்புக் கரைத்து, பதரை மேலே மிதக்கவிடும் முறையை நம் உழவர்கள் அறிவர். காஃப்மனும் இரத்த நீரில் உப்பைக் கூட்டினார். நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும் எந்திரத்தில் அதனைச் சுழற்றவே, கொழுப்பேறிய துகள்கள் தத்தம் அடர்த்திக்கேற்ப மிதந்து பிரிந்தன. 1950-இல் அவரும் தோழர்களும் வெளியிட்ட கட்டுரை, கொலஸ்டிரால் அளவு ஒன்றாக உள்ள இருவரிடம் இத்துகள்கள் வெவ்வேறு அளவில் இருக்கலாம் என்று கூறிற்று.

இதனைச் சோதிக்க நான்கு அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் ஏறத்தாழ 5,000 ஆடவரை ஆராய்ந்தன. 1956-இல் வெளியான அறிக்கையில் இரு முடிவுகள் இருந்தன! சிக்கல் மிகுந்த துகள் அளவை, எளிய கொலஸ்டிரால் அளவையைவிட மேலான முன்னறிவிப்பைத் தரவில்லை என்றனர் பெரும்பான்மையோர். பெர்க்லி குழுவினர் அதனை மறுத்துத் தனியே எழுதினர். பெரும்பான்மையோர் கருத்தே நடைமுறையாயிற்று.

அதனை முற்றிலும் பிழையென்று சொல்ல நான் ஒருப்படேன். பெரும்பாலோரிடம் சுமையின் எடையும் வண்டிகளின் எண்ணிக்கையும் சேர்ந்தே ஏறி இறங்கும். ஆயினும், நூறு மூட்டை நெல்லைப் பத்துப் பெரிய வண்டிகளிலும் ஏற்றலாம், நாற்பது சிறு வண்டிகளிலும் ஏற்றலாம். தமனியின் சுவருக்குள் புகுந்து தங்குவது வண்டி. வண்டிகள் மிகுந்தால் கேடும் மிகும். டிரைகிளிசரைடு மிகுந்து, எச்.டி.எல். குறைந்தவர்களிடம் இந்தச் சிறு வண்டிகள் பெருகுகின்றன. இந்தியரிடையே இவ்வமைப்பு மிகுதி.

1972-இல் ஃபிரீட்வால்டு முதலியோர் வகுத்த கணக்கு, எல்.டி.எல். கொலஸ்டிராலை நேரே அளக்காமல் கழித்தல் வழியே கண்டது; டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அக்கணக்கு செல்லாது. 1980-இல் கனடாவில் ஸ்னைடர்மன் குழுவினர், எல்.டி.எல். கொலஸ்டிரால் அளவோடிருந்தும் இருதயத் தமனி நோயுற்ற பலரிடம் அத்துகள்களின் புரதம் மிகுந்திருக்கக் கண்டனர். அப்போ-பி என்னும் அப்புரதம், கேடு செய்யும் துகள் ஒவ்வொன்றிலும் ஒன்றே உண்டு. ஆதலால் அதனை அளப்பது வண்டிகளை எண்ணுவதாகும். சுழல் எந்திரமும் தேவையில்லை.

கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. அப்போ-பிக்கும், நன்மை செய்யும் துகளின் புரதமான அப்போ-ஏ1-க்கும் உள்ள விகிதம் மாரடைப்போடு மிக நெருங்கிய தொடர்புடையது என்று அது கண்டது. அதே ஆய்விலிருந்து 2007-இல் வேறொன்றும் தெரியவந்தது. தெற்காசிய நோயாளிகள் முதல் மாரடைப்பைக் கண்ட சராசரி வயது 53. பிற நாட்டவர்க்கு அவ்வயது ஏறத்தாழ 59. மத்திய அரசு ஊழியர் ஒருவருக்கு, 53 வயதில் ஓய்வு பெற இன்னும் ஏழாண்டு இருக்கும்.

கையிலுள்ள சீட்டிலேயே செலவின்றி ஒன்று செய்யலாம். மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்தால், கேடு செய்யும் துகள்கள் அனைத்தும் சுமக்கும் பாரம் தெரியும். டிரைகிளிசரைடு மிகுந்தவரும் சர்க்கரை நோயுடையவரும் அப்போ-பி பரிசோதனையைப் பற்றியும் மருத்துவரைக் கேட்கலாம். நார்வே நாட்டுக் கோரே பெர்க் 1963-இல் கண்டறிந்த லிப்போப்ரோட்டீன்-ஏ என்ற துகளோ பெரிதும் பரம்பரையாக வருவது. ஆதலால் வாழ்நாளில் ஒருமுறை அளந்தால் பெரும்பாலோர்க்குப் போதும். குடும்பத்தில் எவருக்கேனும் இளவயதில் மாரடைப்பு வந்ததுண்டா என்று மருத்துவர் வினவுவார். வெளிமாநிலத்தில் வாழ்பவர்கள், அடுத்தமுறை ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை ஆகியோரின் வயதையும் நோயையும் கேட்டு அச்சீட்டின் பின்புறத்திலேயே குறித்துவைக்கலாம்.